வசனம் காதில் விழ வேண்டும்: அதிரடித் தொடர்படங்களை எடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெருஞ்செலவில் அதிரடிப் படங்களையும் அவற்றின் அடுத்தடுத்த பாகங்களையும் எடுத்து வெளியிடும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் அப்பாவை அப்படியொரு படத்தின் இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். முதல் பாகத்தைத் தொலைக்காட்சியில் மூன்று முறை பார்த்து, சில்லறைக் கதாபாத்திரங்களின் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பவர் அவர். முப்பது ஆண்டுகள் இன்ஜினை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து பேருந்து ஓட்டியதில் முதலில் இடது காதும் பிறகு வலது காதும் மந்தமாகி, இப்போது இரண்டிலும் கருவி பொருத்தியிருக்கிறார். படம் தொடங்கி இருபது நிமிடத்தில் அந்தக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவை காதில் இருந்தால் பின்னணி இசை மண்டையில் இடிக்கிறது; கழற்றிவிட்டால் பேச்சு கேட்பதில்லை. மீதிப் படம் முழுவதையும் நடிகர்களின் உதட்டசைவைப் பார்த்தே கடத்தினார். இடைவேளையில், “அந்தப் போலீஸ்காரன் எதுக்கும்மா அவனைக் காட்டிக்கொடுத்தான்?” என்று கேட்டார். என் செவியில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கான காரணத்தை அவன் சொன்ன நேரத்தில் துப்பாக்கிச் சத்தமும் முரசும் கோரஸும் ஒன்றாக ஒலித்துக்கொண்டிருந்தன.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: வசனம் காதில் விழும்படி படத்தைக் கொடுங்கள்.

இந்தக் குறை உங்களுக்குப் புதிதல்ல. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபோது இரைச்சல் குறித்துப் புகார்கள் குவிந்தன. ஒலியளவை 2 புள்ளி குறைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாக அதன் தயாரிப்பாளரே சொன்னார். புகாரை மறுக்காமல் காதுகொடுத்துக் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அரங்கில் ஒலியைக் குறைத்தால் வசனமும் சேர்ந்தே குறைகிறது. இசைக்கும் பேச்சுக்கும் நடுவிலுள்ள விகிதம் ஒலிக்கலவைக் கூடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதைத் திருத்தும் வசதி அரங்க ஊழியரிடம் இல்லை. பார்வையாளர் புகார் சொல்வார்களே என்று அரங்கினர் ஒலியைக் குறைத்து வைப்பதும், அரங்கினர் குறைப்பார்களே என்று நீங்கள் இன்னும் உரக்கக் கலப்பதுமாகப் போனால், நடுவில் நசுங்குவது மனிதக் குரல்தான்.

அதுவும் தொடர்படங்களில் வசனம் தவறினால் கதையே தவறிவிடுகிறது. 2019இல் வந்த ‘கைதி’யில் நாயகன் டில்லியின் கடந்த காலத்தைக் காட்ட ஒரு பிளாஷ்பேக் காட்சிகூட இல்லை, ஓடும் லாரிக்குள் அவன் பேசும் பேச்சிலேயே எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் குரல் கேட்டதால்தான் அவனுடைய மகளுக்காக நாமும் பதறினோம். 2022இல் ‘விக்ரம்’ படத்தின் முடிவில், அதே டில்லியைப் பற்றிய பேச்சைக் கொண்டே இரண்டு படங்களும் இணைக்கப்பட்டன. ஒரு பெயரைக் கோட்டைவிட்டவருக்கு அந்த இணைப்பே புரியாது. இவ்வளவு நம்பிக்கையோடு வசனத்தின் மீது கதையைக் கட்டிவிட்டு, அந்த வசனத்தை ஏன் இசையில் மூழ்கடிக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘இந்தியன் 2’ வெளியான சில நாள்களிலேயே அதிலிருந்து 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. வெட்டியது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. முழுக் கட்டணம் கொடுத்து முதல் நாளே ஓடி வருகிறவர்கள்தாம் உங்கள் மீது மிகுந்த அன்பு வைத்திருப்பவர்கள். அவர்களைச் சோதனைப் பார்வையாளர்களாக நடத்துவது வருத்தம் தருகிறது. வெளியீட்டுத் தேதியை ஓராண்டுக்கு முன்பே அறிவித்துவிட்டு, அந்தத் தேதியைப் பிடிப்பதற்காகக் கடைசி வாரத்தில் இரவு பகலாக ஒலிக்கலவை செய்யும் வழக்கம் இருக்கும்வரை நீளத்திலும் ஒலியிலும் இந்தப் பிழைகள் வரத்தான் செய்யும். சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள்.

2024 மார்ச்சில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், செவித்திறனும் பார்வைத்திறனும் குறைந்தவர்கள் திரையரங்கில் படம் பார்ப்பதற்கான வசதிகளைச் செய்யச் சொல்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வெளியாகும் படங்கள் இதில் முந்திக்கொள்ள வேண்டும் என்றும் காலவரையறை விதிக்கின்றன. உங்கள் படங்கள் ஐந்து மொழிகளில் வருகின்றன. அப்படியிருந்தும் எங்கள் ஊரில் தமிழ் எழுத்தில் வசன வரிகளோடு ஒரு காட்சியைக்கூட நான் கண்டதில்லை.

எனவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். வசனம் காதில் விழும்படி கலந்து கொடுங்கள். ஸ்டுடியோவில் கேட்டதோடு நிறுத்தாமல், ஒரு சாதாரண ஊர்த் திரையரங்கில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிட்டு வெளியிடுங்கள். நாளுக்கு ஒரு காட்சியையாவது தமிழ் வசன வரிகளோடு திரையிட ஏற்பாடு செய்யுங்கள்.

படத்தின் கடைசியில், மூன்றாம் பாகம் வரும் என்று பெரிய எழுத்தில் திரையில் போட்டார்கள். அன்று அப்பாவுக்கு முழுதாகப் புரிந்த ஒரே வரி அதுதான். அதற்கும் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை முதல் வாரத்திலேயே பார்க்கும் ஒரு ரசிகை