ஆறாம் பக்கத்தையும் வாசியுங்கள்: சிறுகதைப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நீதிபதிகள் மூவருக்கும் வணக்கம்.

எந்தக் கதையைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கு வரும் படிவம் இரண்டு மாணவி எழுதியது, விண்கப்பல், கதவுக்கு வெளியே நின்று கூப்பிடும் பாட்டி. "பேய்க்கதை" என்று எழுதி நீங்கள் ஒதுக்கிய கதை. இரண்டு முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். மின்னஞ்சலும் போட்டேன். "நீதிபதிகளின் முடிவே இறுதியானது" என்ற ஒரே வரிதான் திரும்பி வந்தது. முடிவை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லையே. பரிசு வாங்கிய மூன்று பிள்ளைகளும் உழைத்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வாழ்த்து. நான் கேட்பது சின்ன விஷயம்: அந்தக் கதையின் ஆறாம் பக்கத்தை வாசியுங்கள்.

ஏன் ஆறாம் பக்கம் என்று சொல்கிறேன்.

விதிமுறையில் நீங்கள் கேட்டபடி கையெழுத்துப் பிரதியை அவளே வைத்துக்கொண்டு, மூன்று நகல் அனுப்பினோம். எட்டுப் பக்கக் கதை. பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் போட்டோஸ்டேட் கடையில் எடுத்தது. கடைக்காரப் பையன் ஐந்தாம் பக்கத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டான், ஆறை விட்டுவிட்டான். அதையே மூன்றாக நகல் எடுத்ததால் மூன்றிலும் அதே கோளாறு. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் எண்ணியவள், அன்றைக்கு எண்ணவில்லை. இது முழுக்க எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா, அம்மா, மூன்று பேர் வாசித்தீர்கள். ஐந்து, மறுபடி ஐந்து, அப்புறம் ஏழு. ஒருவர்கூட "ஆறு எங்கே?" என்று கேட்கவில்லை.

நகல்கள் எங்களுக்குத் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை, வாசிப்பு வகுப்பு நடக்கும் நேரத்தில். உறையை அவளே பிரித்தாள். முதல் மூன்று பக்கங்களில் சிவப்பு மை. "அப்படி சொன்னாள்" என்பதில் ஒரு "ச்" போட்டுத் திருத்தியிருந்தீர்கள், அதற்கு நன்றி, அது சரியான திருத்தம்தான். நான்காம் பக்கத்திலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை. முதல் பக்கத்தின் தலையில் மட்டும்: "பேய்க்கதை. மூடநம்பிக்கை. மாணவர் வாழ்க்கையோடு ஒட்டவில்லை." அவள் அதை வாசித்தாள். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "டீச்சர், ஆறைக் காணோம்" என்றாள். மூன்று நகலையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். மூன்றிலும் இல்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ அவங்க படிச்ச கதையில அந்த அக்கா செத்துப் போயிட்டாங்களா டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கதையை நினைவுபடுத்துகிறேன். விண்கப்பலில் ஆறு பேர். பொறியாளர்ப் பெண்ணுக்கு இரவுக்காவல். ஒரு தூசி மேகத்தைத் தாண்டும்போது அதற்குள் வாழும் ஏதோ ஒன்று அவள் மனத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்கு உருவம் கிடையாது, கை கிடையாது, கதவைத் திறக்க முடியாது. அதனால் உள்ளே இருப்பவளைத் திறக்கவைக்கப் பார்க்கிறது. அவள் நினைவைத் துழாவி, அதில் மிக நெருக்கமாக இருக்கும் ஆளை எடுத்துக்கொள்கிறது. கப்பலின் நடைபாதை கரைந்து ரப்பர்த் தோட்டம் ஆகிறது. காலை நேரம். பெரட்டு என்ற ஆள்கணக்கு முடிந்து, தன் நிரையில் மரங்களை வெட்டிவிட்டு, பால் வாளியோடு பாட்டி வாசலில் நிற்கிறார். "கதவத் தொற கண்ணு, கை கடுக்குது" என்கிறார். பொறியாளர் கை நீட்டித் தொடுவது லயத்து வீட்டுத் தாழ்ப்பாள். உண்மையில் அது கப்பலின் வெளிக்கதவு நெம்புகோல். திறந்தால் ஆறு பேரும் காலி.

இதுவரைக்கும்தான் ஐந்தாம் பக்கம். நீங்கள் இரண்டு தடவை பெற்றுக்கொண்ட பக்கம்.

ஆறாம் பக்கத்தில் சக ஊழியை ஒருத்தி, தூக்கக் கலக்கத்தோடு, வானொலியில் அவளைக் கூப்பிடுகிறாள். "அது பொய், நம்பாதே" என்று கத்தவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். "பாட்டி கை என்ன வாசம்?" என்று மட்டும் கேட்கிறாள். பால் வெட்டுகிறவர் கையில் ரப்பர்ப்பால் வாடை எந்தச் சோப்புக்கும் போகாது. பொறியாளர் கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்க்கிறாள். வாசமே இல்லை. அந்த மேகத்துக்கு மூக்கு கிடையாது, அதனால் அவள் நினைவிலிருந்து முகத்தையும் குரலையும் திருடத் தெரிந்தது, வாடையை எடுக்கத் தெரியவில்லை. கை நெம்புகோலிலிருந்து விலகுகிறது. வாசலில் நிற்கும் பாட்டியைப் பார்த்து, "நீங்க யாருன்னு தெரியல, ஆனா போயிட்டு வாங்க" என்கிறாள். பேய்க்கதையில் பேயிடம் யாராவது இவ்வளவு மரியாதையாகப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, மூடநம்பிக்கைக்கு வருகிறேன். தனிமையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மனிதர்களுக்கு இல்லாதவர்கள் தெரிவார்கள். 1895-இல் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பிய ஜோசுவா ஸ்லோகம், வயிற்று வலியில் சுருண்டு கிடந்தபோது தன் படகை வேறு யாரோ ஓட்டுவதைப் பார்த்தார். கொலம்பஸின் பிண்டா கப்பலின் மாலுமி என்று அந்த ஆள் தன்னை அறிமுகமும் செய்துகொண்டாராம். 1916-இல் தென்துருவப் பயணி ஷாக்கில்டன் தெற்கு ஜார்ஜியாத் தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்தார். நடந்தது மூன்று பேர். நான்காவதாக ஒருவர் கூடவே வந்ததுபோல் இருந்தது என்று பிறகு எழுதினார். 1927-இல் விமானி லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தூங்காமல் 33 மணி நேரத்துக்கு மேல் பறந்தபோது விமானத்துக்குள் உருவங்கள் வந்து அவரோடு பேசின. இவர்களை யாரும் பூசாரியிடம் கூட்டிப் போகவில்லை. மூளை அப்படித்தான் வேலை செய்யும். விண்வெளிக்கு நீண்ட பயணம் போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே 2010-இல் மாஸ்கோவில் ஆறு பேரை 520 நாள் அடைத்து வைத்து ஆராய்ந்தார்கள். இதையெல்லாம் வகுப்பில் நான் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டுத்தான் அவள் தன் கப்பலிலும் ஆறு பேரை ஏற்றினாள்.

அறிவியல் வேண்டாம் என்றால் கம்பனிடம் போவோம். அசோகவனத்தில் மாயா சனகனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சீதை அப்பாவென்றே நம்பிக் கதறுகிறாள். அவன் அரக்கன் என்று சொல்லித் தேற்றுவது திரிசடை. மாயச் சீதையை இந்திரசித்து வெட்டியதைப் பார்த்து அனுமனே கலங்கிப் போகிறான். வீடணன்தான் வண்டாக உருமாறிப் பறந்து போய், உண்மைச் சீதை உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறான். போய்ச் சோதித்துப் பார் என்பதுதானே அங்கே பாடம்? எங்கள் பிள்ளையின் ஆறாம் பக்கமும் அதைத்தான் சொல்கிறது. கம்பன் உங்கள் போட்டிக்கு அனுப்பியிருந்தால் அவருக்கும் "மாணவர் வாழ்க்கையோடு ஒட்டவில்லை" என்று வந்திருக்கும்.

அந்த வரிதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அவள் அம்மா பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிப்ட். மாலையில் கம்பெனி பஸ் ஏறி, பினாங்குப் பாலத்தைத் தாண்டி, உள்ளே போனதும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. கண் மட்டும் வெளியே தெரியும். ஒருமுறை கம்பெனி குடும்ப தினத்தில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். "அம்மா விண்வெளிக்குப் போற மாதிரி இல்ல?" என்றாள். கதையின் முதல் வரி அன்றைக்கே பிறந்துவிட்டது.

காலை நாலு மணிக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தால் சிப்புக்குள் கோலம் தெரியும், சில நாள் ஆளும் தெரியும் என்பாராம் அம்மா. அந்த நேரத்தில் லைன் லீடர் வந்து தோளைத் தட்டி, மலாயில் "செமாலம் மாக்கான் அப்பா?" என்று கேட்பாராம். நேற்று என்ன சாப்பிட்டாய். யோசித்துப் பதில் சொல்வதற்குள் தூக்கம் கலைந்துவிடும். "பாட்டி கை என்ன வாசம்?" என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பாட்டியும் உண்மைதான். போன வருடத்துக்கு முந்தின வருடம் தவறிப் போனார். அவர் பால் வெட்டிய தோட்டம் இப்போது வீடமைப்புத் தாமான். பேத்தியிடம் மிச்சம் இருப்பது அந்த வாடையின் ஞாபகம் ஒன்றுதான். அம்மா இரவெல்லாம் வேலைக்குப் போய்விட, தம்பியைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளை அவள். "யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே" என்பது அவளுக்கு அம்மா தினமும் சொல்லிவிட்டுப் போகும் சொல். மாணவர் வாழ்க்கை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

எனக்குத் தெரியும், எதைச் சொல்கிறீர்கள் என்று. நானும் இருபது வருடமாகப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறேன். குடிகார அப்பா, கூலி வேலை செய்யும் அம்மா, கடைசிப் பக்கத்தில் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் பத்து ஏ. அப்பா திருந்துவார். அம்மா கண்ணைத் துடைப்பார். இதற்கு முதல் பரிசு. அடுத்த வருடம் அப்பாவுக்குப் பதில் அண்ணன் குடிப்பான். இதற்கும் முதல் பரிசு. அப்புறம் பரிசளிப்பு விழாவில் பொன்னாடை போர்த்துவதற்கே ஒரு மணி நேரம், சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துத் "தமிழில் அறிவியல் புனைவு வளர வேண்டும், நம் பிள்ளைகள் விண்ணைத் தொட வேண்டும்" என்பார், கைதட்டுவோம். 2007-இல் நம் மலேசிய நாட்டுக்காரர் ஒருவர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கே போய் வந்துவிட்டார். நம் கதைகள் இன்னும் பஸ் நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கின்றன. பிள்ளை ஒருத்தி தமிழில் விண்கப்பல் ஓட்டினால் அதற்குப் பேயோட்டுகிறோம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சம்பளம் இல்லாமல், வேலைக்கு நடுவே நூற்றுக்கணக்கான கதைகளை வாசிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நானும் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திய கதைகள் என் கணக்கிலும் உண்டு. அதனால்தான் சண்டை பிடிக்காமல் கேட்கிறேன்.

பரிசு வேண்டாம். ஆறுதல் பரிசும் வேண்டாம், அதை நீட்டினால் அவள் வாங்க மாட்டாள். ஆறாம் பக்கத்தின் நகலை இந்த மடலோடு வைத்திருக்கிறேன். தயவுசெய்து மூவரும் அதை வாசியுங்கள். வாசித்த பிறகும் பேய்க்கதை என்றே தோன்றினால், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள், அவளுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். தோன்றவில்லை என்றால் அந்தச் சிவப்பு வரியை நீங்களே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முடிந்தால் அடுத்த வருட அறிவிப்பில் "அறிவியல் கற்பனைக் கதைகளும் அனுப்பலாம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம்.

எங்கள் வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்குள் பதில் வந்தால் நல்லது. இந்த முறை உறையை ஒட்டுவதற்கு முன் அவளே பக்க எண்ணைப் பார்த்தாள். ஆறுதான்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு