கரைக்கே வரட்டும் இலவசச் சட்ட உதவி

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பனில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கிறவள் நான். கணவர் இறந்ததும் வீட்டுப் பத்திரத்தைக் கொழுந்தனார் எடுத்து வைத்துக்கொண்டார். வக்கீல் கேட்ட முன்பணத்துக்குத் தோட்டை அடகு வைக்கக் கிளம்பியபோதுதான் பக்கத்து வீட்டு மதினி விவரம் சொன்னார். ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை.

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இந்த இலவச உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். சொத்து வழக்கு, ஜீவனாம்ச வழக்கு எதுவானாலும் உதவி கேட்கலாம். கோர்ட் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் ஏற்கெனவே கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன்மேல் அப்பீல் போக முடியாது. அதனால் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதெல்லாம் எங்கள் கரையில் பலருக்குத் தெரியாது. அதுதான் என் ஆதங்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் ஊரில்தான் இருப்பார்கள். அப்போது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி கரைகளிலேயே முகாம் போட வேண்டும். 15100 என்ற இலவச உதவி எண்ணை மீன் ஏலம் விடும் இடங்களில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண், பாம்பன்