தம்பிக்கு இறகைக் கையில் கொடு

அன்புள்ள கயல்,

எந்தப் பிராணியின் உடம்பை எது மூடியிருக்கிறது என்று நீ செய்த சார்ட்டின் படம் வந்தது. ஆட்டுக்குப் பஞ்சு, மீனுக்கு மினுமினுப்புத் தாள், ஆமைக்கு முட்டை ஓடு என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாய். கைவேலையில் நீ அப்படியே உன் அப்பா, பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். ஆனால் படத்தோடு ஒரு வார்த்தை எழுதவில்லை, கூப்பிட்டாலும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய்.

சார்ட் பள்ளிக்கூடத்துக்கு. உன் பிள்ளை தம்பிக்கு அது போதாது கயல். பால்வாடியில் நான் படத்தைக் காட்டி ஆரம்பிக்கவே மாட்டேன், கோழி இறகைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். நுனியிலிருந்து அடிப்பக்கமாக உருவினால் இழை இழையாகப் பிரிந்துவிடும், அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக நீவினால் மறுபடி கூடிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத பொடிக் கொக்கிகள் அதில் இருக்கின்றன. வாயே திறக்காத பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டு "இன்னொரு தடவை" என்று கேட்கும்.

மீனைச் செதிலோடு வாங்கி வா. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையில் தட்டும், கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முள் குத்தாமல் நீ கையைப் பிடித்துக்கொள். "வழவழ", "சொரசொர" என்று சொல், சொல்லிவிட்டுக் காத்திரு. உடனே அடுத்ததற்குத் தாவாதே, நீ சின்னதிலிருந்தே அவசரக்காரி. தொட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடு.

அப்புறம் ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற அந்த கார்ட்டூனைக் காட்டாதே. ஓடு அதன் முதுகெலும்போடும் விலா எலும்போடும் சேர்ந்தே வளர்ந்தது, கழற்ற முடியாது, தொட்டால் அதற்குத் தெரியும். கிண்டி பாம்புப் பண்ணை உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகக் கூடாதா? இங்கே வேலியோரம் கிடந்த பாம்புச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன், கண்ணை மூடியிருந்த வட்டச் செதில்கூடக் கிழியாமல் இருக்கிறது. எறும்புதின்னி என்கிற அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில், ஆனாலும் குட்டிக்குப் பால் கொடுக்கிற விலங்கு, அந்தச் செதிலும் நம் நகமும் ஒரே பொருளால் ஆனவை. தம்பி நகத்தைத் தொட்டுக் காட்டிச் சொல். சொல்லிவிட்டுக் காத்திரு.

அவனுக்கு மூன்று முடிந்துவிட்டது. கேட்டால் உனக்குக் கோபம் வரும், ஆம்பளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று உன் மாமியார் சொல்வதும் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது நம் ஆடு கறுப்பி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அப்படிக் கத்தினாள், அவன் திரும்பவே இல்லை. நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு கண்ணு. சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தால்கூடப் பிள்ளைக்குச் சரியாகக் கேட்காது, அதற்கு வைத்தியம் இருக்கிறது. எதுவானாலும் சீக்கிரம் தெரிவதுதான் நல்லது. நீ நல்ல அம்மா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மாமா வீட்டுக் கல்யாணச் சேதி எழுத நினைத்தேன், இன்னொரு நாள் எழுதுகிறேன். இறகுகளைக் கழுவிக் காயவைத்துக் கொரியரில் போடுகிறேன். டாக்டரிடம் போகிற நாளை மட்டும் சொல், நான் முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், நீ தனியாகப் போகாதே.

அம்மா