வாக்குகளைக் கலந்து எண்ணுங்கள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் உங்களுக்காக வேலை பார்த்தவள்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த முறை ஒரு குடும்பத்திடம் மட்டும் தலைக்கட்டு வரி வாங்கவில்லை. வரி வாங்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் ஊர்க்கணக்கில் இல்லை என்று பொருள். தேர் அவர்கள் வாசலில் நிற்காது. நல்லது கெட்டதுக்கு யாரும் படியேற மாட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வசூல்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. மறுநாளும் போனார். எழுபது வயதைத் தாண்டியவர், சாமிக்கு வரி கட்ட அனுமதி கேட்டு நின்றார்.

அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம், அவர் யாருக்கு வாக்களித்திருப்பார் என்ற சந்தேகம். எங்கள் ஊருக்கு ஒரே பூத். முடிவு வந்த பிறகு, பூத்வாரியாக யாருக்கு எத்தனை என்று காட்டும் படிவம் 20 எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. ஊரே ஒரு கட்சிக்கு நின்றதாக நினைத்திருந்த இடத்தில் மற்றக் கட்சிக்கு முப்பது சொச்சம் வாக்குகள் விழுந்திருந்தன. அந்த முப்பது பேர் யார் என்று டீக்கடையில் உட்கார்ந்து வீடு வீடாகக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர் என்பதால் பெரியவர் பெயர் முதலில் வந்தது. அவர் உண்மையில் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை.

வாக்காளர் பொத்தானை அழுத்துவது யார் கண்ணிலும் படக்கூடாது என்று அட்டைத் தடுப்பு வைக்கச் சொன்னீர்கள்; வைத்தோம். பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்கள், சாத்தினோம். ஒரு நாள் முழுக்க நாங்கள் காத்த ரகசியத்தை, எண்ணி முடித்ததும் பூத்வாரியாக நீங்களே வெளியிடுகிறீர்கள். இது எந்த வகை நியாயம்?

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு வழி இருந்தது. மிரட்டலும் பழிவாங்கலும் நடக்கும் என்று கருதினால், பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண ஆணையிடலாம் என்று 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ விதி உங்களுக்கு அதிகாரம் தந்தது. இயந்திரம் வந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 14 இயந்திரங்கள் வரை இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியை 2008இல் பரிந்துரைத்ததே உங்கள் ஆணையம்தான். 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தப் பகுதியில் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று கட்சிகள் அறிய பூத்வாரிக் கணக்கு உதவும் என்றது. 2019இல் பாஜக வேட்பாளர் மேனகா காந்தி, கிடைக்கும் வாக்கு சதவீதப்படி ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து வேலை செய்வதாக மேடையிலேயே சொன்னார். நீங்கள் கண்டித்தீர்கள். அப்படிப் பிரிக்க உதவும் கணக்கு மட்டும் அப்படியே வெளிவந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஒரு சாவடிக்கு 1,500 பேர் என்ற வரம்பை 1,200 ஆகக் குறைத்திருக்கிறீர்கள். வரிசை குறையும், நல்லதுதான். ஆனால் சாவடி சிறுக்கச் சிறுக்க, வாக்காளரை அடையாளம் காண்பது எளிதாகிறது. ஆகவே, தயவுசெய்து வாக்குகளைக் கலந்து எண்ணுங்கள். சாவடியில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்ற 17சி கணக்கை முகவர்கள் இப்போதுபோலவே சரிபார்க்கட்டும். யாருக்கு எத்தனை என்பது மட்டும் பல சாவடிகளின் கூட்டுத்தொகையாக வெளிவரட்டும்.

பெரியவரை ஒதுக்கியவர்கள் எந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளரும் அல்லர். அவரோடு ஒரே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டவர்கள். என்னிடம் படித்தவர்களும் அவர்களில் உண்டு. தனக்குப் பிடித்த கட்சிக்குப் போடாதவன் ஊருக்கே துரோகி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துகிறார்கள், பெண் கொடுக்க யோசிக்கிறார்கள், எதிர்க்கட்சிக்காரர் கடையில் சாமான் வாங்க மறுக்கிறார்கள். தோற்ற கட்சிக்கு வாக்களிக்கவும் உரிமை உண்டு என்பதுதானே தேர்தல்? இந்த வெறுப்பைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை என்பதை அறிவேன். அதற்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது உங்கள் வேலை.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டோட்டலைசர் பரிந்துரையை மத்திய அரசுக்கு மீண்டும் அனுப்பி, விதியைத் திருத்தக் கேட்டு வலியுறுத்துங்கள். அடுத்த பொதுத்தேர்தலுக்கு முன் எங்கள் பூத்தின் வாக்குகளைப் பக்கத்து ஊர்களின் வாக்குகளோடு கலந்து எண்ண வழி செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கும் நடவடிக்கையைப் பொதுமக்கள் அறியத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு வாக்காளர்