ஆறே நிமிடத்தில் இறுகும் இன்வெஸ்ட்மென்ட் பவுடர் குறித்துப் புகார்

அனுப்புநர்: நகை காஸ்டிங் பட்டறை, கோயம்புத்தூர்.
பெறுநர்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்.
பொருள்: குறைபாடுள்ள பவுடர் மூட்டைகளுக்கு மாற்றும், அந்த பேட்சின் சோதனை அறிக்கையும் கோருதல்.

ஐயா,

நகை வார்க்கும் அச்சுக்காக நாங்கள் வாங்கும் உங்கள் இன்வெஸ்ட்மென்ட் பவுடர் (பிளாஸ்டரும் சிலிக்காவும் கலந்தது) மூட்டையோடு வரும் தாளில் வேலை நேரம், அதாவது தண்ணீர் பட்டதிலிருந்து இறுகத் தொடங்கும்வரை, 9 முதல் 10 நிமிடம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இப்போது வந்திருக்கும் பேட்ச் 6 நிமிடத்திலேயே பளபளப்பு மங்கி இறுகத் தொடங்கிவிடுகிறது.

தண்ணீரைக் குறை சொல்லிவிடுவீர்கள் என்பதால் சோதித்த முறையை எழுதுகிறோம். 1 கிலோ பவுடர், 400 மி.லி. வாலைவடிநீர், இரண்டும் 22 டிகிரி செல்சியஸ். தண்ணீரில்தான் பவுடரைக் கொட்டினோம், பவுடரில் தண்ணீரை ஊற்றவில்லை. பவுடர் தண்ணீரைத் தொட்ட நொடியிலிருந்து நேரம் கணக்கு. அதே தண்ணீர், அதே மிக்சர், அதே கிண்ணத்தில் உங்கள் பழைய பேட்ச் 10 நிமிடம் தாங்கியது. கிண்ணத்தில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தாலும் சீக்கிரம் இறுகும் என்பது தெரியும். ஒவ்வொரு முறையும் சுத்தமாகக் கழுவியே கலந்தோம். வண்டியில் குலுங்கி பவுடர் பிரிந்திருக்குமோ என்று மூட்டையின் மேலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றுபோலவே இறுகின.

6 நிமிடம் ஏன் போதாது என்பது வேலையின் வரிசையைப் பார்த்தாலே விளங்கும். கலக்க 3 நிமிடம், கிண்ணத்தை வேக்குவத்தில் வைத்து, காற்று வெளியேறப் பொங்கவிட ஒன்றரை நிமிடம், மெழுகு மரம் (நகைகளின் மெழுகு வடிவங்களைக் கிளைபோல் ஒட்டியது) நிற்கும் ஃபிளாஸ்க் என்னும் உலோக உருளையில் ஓரமாக ஊற்ற ஒரு நிமிடம். ஃபிளாஸ்க் மறுபடி வேக்குவத்துக்குப் போகும்போதே பவுடர் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது. மெழுகில் ஒட்டிய காற்று வெளியேற வழியில்லை; அந்தக் குமிழ் அச்சில் விடும் குழியில் தங்கம் புகுந்துவிடும். வார்த்து எடுத்தால் கல்லைப் பிடிக்கும் பிராங்குகளின் நடுவிலும் மோதிரத்தின் உட்புறத்திலும் கடுகுக் கடுகாகத் தங்க மணிகள். அரம் நுழையாத இடத்தில் ஒட்டிய மணியை எடுக்க முடியாது; அந்த உருப்படியை உருக்கத்தான் வேண்டும்.

உங்கள் பிரதிநிதி சொன்ன பரிகாரம், கிலோவுக்குத் தண்ணீரை 440 மி.லி. ஆக்குங்கள் என்பது. இதை நாங்கள் ஏற்க மாட்டோம். தண்ணீர் கூடினால் நேரம் கொஞ்சம் நீளும், ஆனால் அச்சின் வலு போய்விடும். மெழுகை உருக்கி எரித்து வெளியேற்றும் பர்ன் அவுட்டில் சூடு ஏறும்போது அச்சு விரிசல் விடும், அந்த விரிசலில் உலோகம் புகுந்து நகையில் தகடு தகடாகப் பிசிர் நிற்கும். போதாததற்கு, மிஞ்சிய தண்ணீர் மெழுகை ஒட்டி மேலேறி, நகையில் நீர்க்கோடு விழும். ஒரு கோளாறுக்கு இன்னொரு கோளாறை மருந்தாகச் சொல்வது தொழில்நுட்ப ஆலோசனை ஆகாது.

எங்கள் கணிப்பில் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, இறுகலைத் தாமதப்படுத்தும் மருந்து இந்த பேட்சில் குறைந்திருக்கிறது. அல்லது உங்கள் கிடங்கில் ஈரம் ஏறியிருக்கிறது. ஈரம் பட்ட பவுடரில் உள்ள பிளாஸ்டரில் ஒரு பங்கு, கலக்கும் முன்பே ஜிப்சமாக (இறுகிய பிளாஸ்டராக) மாறிவிடும். அந்தத் துகள்கள் வித்தாக நின்று மீதியையும் விரைவாக இறுகச் செய்யும். பிரிக்காத மூட்டையின் ஓரங்களில் கட்டிகள் இருந்ததால் இரண்டாவதையே அதிகம் சந்தேகிக்கிறோம்.

எனவே பிரிக்காத மூட்டைகளைத் திரும்பப் பெற்று வேறு பேட்ச் அனுப்புங்கள். பிரித்தவற்றுக்குப் பணம் திருப்பித் தாருங்கள். இந்த பேட்சை அனுப்புமுன் நீங்கள் எடுத்த இறுகல் நேரச் சோதனையின் அறிக்கை எங்களுக்கு வேண்டும். இனி ஒவ்வொரு மூட்டையிலும் பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்த வெப்பநிலையில் எத்தனை நிமிடம் என்பதை அச்சிடுங்கள். உங்கள் தாளில் "சுமார் 400 மி.லி." என்றிருக்கிறது, அந்தச் "சுமார்" வேண்டாம். நுண்ணிய உருப்படிக்கு எவ்வளவு, கனத்த உருப்படிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. மூட்டையைப் பிரித்துக் கொட்டும் கைகள் படிக்கும் தமிழிலும் இந்தியிலும், தூசிக்கான முகக்கவசம் கட்டாயம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

இந்த பேட்சின் மாதிரியை ஒரு கிலோ, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்திருக்கிறோம். உங்கள் ஆய்வக ஆள் வந்தால் அவர் முன்னிலையிலேயே கலந்து காட்டத் தயார்.

இப்படிக்கு,
காஸ்டிங் பிரிவுப் பொறுப்பாளர்