ஜூக்பாக்ஸ் கேட்கிற பதிவு: ஜிம் ரீவ்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் திருச்சியிலும் கொழும்பிலும் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸை இன்னும் மறக்காமல் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்கள் கூட்டம்தான். பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கேசட்டுகள்தான் எங்கள் வீட்டின் ஆங்கிலப் பாட்டு மொத்தமும். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் பாட்டுகள். மற்ற நாள்களில் ரீவ்ஸின் ‘ஹீல் ஹாவ் டு கோ’ (அவன் போகத்தான் வேண்டும்).

அந்தப் பாட்டுக்காகத்தான் இந்த மடல். அதை வேறு யாராவது பாடியிருக்கிறார்கள் என்று பேச்செடுத்தாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. “ரீவ்ஸ் பாடின பிறகு இன்னொருத்தர் பாட அதில் என்ன இருக்கு?” இந்தக் கேள்வியை நானும் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் ஒரு பதிவில் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ரீவ்ஸின் பெருமையில் ஒரு குன்றிமணிகூடக் குறைக்க வரவில்லை. பாட்டை எழுதியவர்கள் ஜோ அல்லிசன், ஆட்ரி அல்லிசன் தம்பதியர். ஆட்ரிக்கு மெல்லிய குரலாம். போனில் பேசினால் சரியாகக் கேட்காதாம். வாயை இன்னும் கிட்டே வைத்துப் பேசு என்று ஜோ சொல்வாராம். பாட்டின் தொடக்கம் அங்கிருந்து வந்தது என்பார்கள். முதலில் பதிவு செய்தவர் பில்லி பிரவுன் என்ற பாடகர். அது எடுபடவில்லை. 1959 அக்டோபரில் நாஷ்வில்லில், செட் அட்கின்ஸ் தயாரிப்பில் ரீவ்ஸ் பாடினார். அதையும் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதால் பிழைத்த பாட்டு அது. 1960இல் அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் கன்ட்ரி வரிசையில் 14 வாரம் முதலிடம். பாப் வரிசையில் 2ஆம் இடம்.

அதற்குச் சில வருஷம் முன்புவரை ரீவ்ஸ் எட்டுக்கட்டையில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தவர். 1957இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாடும்போதுதான் மைக்கை உதடு தொடும் அளவுக்கு நெருங்கிக் குரலைத் தணித்துக்கொண்டார். ரிசீவருக்குப் பக்கத்தில் உதட்டைக் கொண்டு வா என்று கெஞ்சும் பாட்டுக்கு, மைக்கில் உதட்டை வைத்துப் பாடப் பழகிய குரல் வாய்த்தது. கன்ட்ரி பாட்டில் வழக்கமாக வரும் ஃபிடில் கிடையாது, ஸ்டீல் கிட்டார் கிடையாது. ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோ, ஒரு வைப்ரஃபோன், பின்னால் புகைபோல அனிட்டா கெர் குழுவின் சேர்ந்திசை. 

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஒருவன் ஏதோ ஒரு மதுக்கடையிலிருந்து காதலிக்குப் போன் போடுகிறான். அவள் பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான். அவளால் வாய்விட்டுப் பேச முடியாது. நான் இங்கே ஜூக்பாக்ஸை (காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியை) குறைக்கச் சொல்கிறேன், நீ அங்கே அவனைப் போகச் சொல் என்கிறான் இவன்.

ரீவ்ஸின் பதிவை இதை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ஜூக்பாக்ஸ் எங்கே? இவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கடையில் ஒரு கிளாஸ் சத்தம்கூட இல்லை. அந்த நிசப்தத்தில் அவன் ஜெயித்துவிடுவான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

என் அப்பா ரயில்வே கார்டாக இருந்தார். ராத்திரிகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுப் போனுக்குப் பேசுவார். அம்மா ரிசீவரைக் காதில் வைத்ததுமே ஊரைச் சொல்லிவிடுவார். அறிவிப்பும் வடைக்காரர் கூவலும் சேர்ந்து கேட்டால் விழுப்புரம். டீக்கடைப் பாட்டு கேட்டால் ஈரோடு. எதுவுமே கேட்காமல் நாய் மட்டும் குரைத்தால் மானாமதுரை. அப்பா எங்கே இருக்கிறார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதில் பாதி, அவர் பேச்சுக்குப் பின்னால் இருந்த சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சத்தம் உள்ள பதிவைத்தான் சொல்கிறேன். 1976இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் வெளியிட்ட ‘சிக்கன் ஸ்கின் மியூசிக்’ தொகுப்பில் இருக்கிறது. ‘சிக்கன் ஸ்கின்’ என்பது ஹவாய்க்காரர்கள் புல்லரிப்பைச் சொல்லும் சொல். கூடர் பாட்டை லத்தீன் அமெரிக்கக் காதல் பாட்டுகளின் மெதுவான பொலேரோ தாளத்துக்கு மாற்றிவிட்டார். கூட வாசித்தவர் டெக்ஸஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஃப்ளாக்கோ ஹிமேனஸ். அவர் வாசித்தது பொத்தான் அக்கார்டியன், துருத்தியை விரித்து மடக்கி வாசிக்கும் பெட்டி. ஜெர்மானியர்கள் டெக்ஸஸுக்குக் கொண்டுவந்த அந்தப் பெட்டியை, மெக்சிகோ எல்லைப்புற மக்கள் தங்கள் பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு சேர்த்துக் கல்யாணத்துக்கும் நடனத்துக்கும் வாசித்து வளர்த்த இசை அது. டெக்ஸஸின் தென்கோடியில் ஒரு மதுக்கடை ஜூக்பாக்ஸில் காசு போட்டால் இந்தச் சத்தம்தான் வரும். கூடர் பதிவில் அது பாட்டு முழுக்கக் கூடவே இருக்கிறது. பக்கத்தில் யாரோ ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்; இவன் மட்டும் சுவரோரம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் நிற்கிறான்.

கூடரின் குரல் வெல்வெட் கிடையாது. சாதாரணக் குரல். ரீவ்ஸின் ஆள் கேட்டால் அவள் இன்னொருவனை அனுப்பிவிடுவாள். கூடரின் ஆள் கேட்டால் அனுப்புவாளா? எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தேகம்தான் பாட்டின் உயிர் என்று நினைக்கிறேன்.

சாலமன் பர்க் பாடியது பலருக்குத் தெரியும். எல்விஸ் அதே 1976இல் தன் கிரேஸ்லேண்ட் வீட்டிலேயே பதிவு செய்ததும் தெரியும். அவருடைய கடைசிப் பதிவுகளில் ஒன்று என்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு. கூடரைக் கேட்டவர்கள்தான் நம்மிடையே குறைவு. இத்தனைக்கும் அவர் நமக்கு அந்நியர் அல்ல. மோகன வீணைக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டோடு அவர் வாசித்து கிராமி வாங்கிய ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ தொகுப்பைப் பதிவு செய்தவர், இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர்.

ஜூலை 31 நமக்கு முக்கியமான நாள். 1964இல் அன்றுதான் நாஷ்வில் அருகே, தானே ஓட்டிவந்த சிறு விமானம் விழுந்து ரீவ்ஸ் இறந்தார். ஃப்ளாக்கோ ஹிமேனஸ் 2025இல் இறந்ததும் அதே ஜூலை 31தான். இருவரும் டெக்ஸஸில் பிறந்தவர்கள். வரும் ஜூலை 31 அன்று ரீவ்ஸின் பாட்டைப் போடுங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அடுத்ததாகக் கூடரின் பதிவைப் போடுங்கள்.

போன வருஷம் அம்மாவுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினேன். ரீவ்ஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, அப்பா இருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தார். இரண்டாவது பாட்டில் அக்கார்டியன் ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்து கேட்டார்:

“இவர் எந்த ஊர்லேருந்துடா பேசுறாரு?”

அன்புடன்,
பொன்மலைக் கார்டு ஒருவரின் மகன்