நிறம்: மாநிறம்

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தை பேரனுக்கு ஆவணியில் காது குத்து. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

அன்றைக்கு வீடியோவில் உன்னைப் பார்த்து, "முகம் பளிச்சென்று ஆகிவிட்டதே" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்ட் என்றாய். அதற்கப்புறம் நீ வீடியோவிலேயே வருவதில்லை.

31 வருஷம் லேபில் ஊரார் சிறுநீரைச் சூடு காட்டிப் பார்த்தவள் நான். குழாயில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டால் அல்புமின் என்கிற ரத்தப் புரதம் சிறுநீரில் போகிறது என்று அர்த்தம். உனக்கு நுரை அடங்காமல் நிற்கிறதா? செருப்பு வார் காலில் பதிகிறதா? காலையில் முதல் சிறுநீரைக் கொடுத்துப் பார்.

கேரளாவில் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்கிற சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதில் 15 பேருக்கு வந்தது நெல்-1 என்கிற அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமில் பாதரசம் இருந்தால் தோல் சீக்கிரம் வெளுக்கும், ஆனால் அது ரத்தத்திலும் கலந்துவிடும். சிறுநீரக வடிகட்டியில் ரத்தக்குழாயை விரல் விரித்துப் பிடித்திருக்கிற செல்கள் உண்டு, போடோசைட் என்பார்கள். நம் உடம்பின் எதிர்ப்புப் புரதங்களே அதன் அடியில் போய்ப் படிய, பிடி தளர்ந்து புரதம் ஒழுகுகிறது. வலி நிவாரணி மாத்திரை, புற்றுநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்தாலும் இதே நெல்-1 வருவதை வேலூர் சிஎம்சியில் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பாவின் செந்தூரத்தை எடுத்து ஒளித்துவிட்டேன். மனுஷன் என்னோடு பேசுவதில்லை.

பூசுவதை நிறுத்தியதும் பலருக்குக் குறைந்திருக்கிறது. அதனால் பயப்படாதே. காலையில் முதல் சிறுநீர், மறக்காதே.

தங்கச்சி பீஸை ஒருத்தரிடமும் கைநீட்டாமல் கட்டியவள் நீ. உன் உடம்பைப் பார்க்க உனக்கு நேரமில்லையா?

உன்னை என்ன சொல்வது. உனக்கு அந்தச் சிவப்பழகு கிரீமில் முதல் டப்பாவை வாங்கியவளே நான்தானே. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாத அந்த வாரம், துபாய்ச் சாமான் விற்கிறவரிடம் 300 ரூபாய் கொடுத்து வாங்கினேன். லேபில் பாட்டில் லேபிளை மூன்று தடவை படிக்கிறவள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாதகத்தோடு கொடுத்த தாளில் "நிறம்: மாநிறம்" என்று எழுதியதும் நான்தான். "நான் கறுப்புதானேம்மா" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அடித்து மாற்றவும் இல்லை.

மிச்சமிருந்தால் இனித் தொடாதே, ஆனால் தூக்கியும் போடாதே. பிளாஸ்டிக் பையில் கட்டி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் பார்க்க முடியுமா என்று கேள். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ரிசல்ட் வந்ததும் வீடியோவில் கூப்பிடு. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்.

அம்மா